மறு டெஸ்டில் நார்மல் வந்தால் மட்டும் போதாது

கேள்வி: வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்த லேப், அம்மாவுக்குப் பொட்டாசியம் 7.2 என்று ரிப்போர்ட் கொடுத்தது. பதறிப்போய் மருத்துவமனைக்கு ஓடினோம், இரண்டு நாள் ஐசியூ. அங்கே எடுத்ததில் 4.3. ரத்தம் எடுத்தவர் நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தினார். ட்யூபைப் பையில் போட்டுக்கொண்டு வேறு வீடுகளுக்கும் போனார். லேபில் கேட்டால் எரிந்து விழுகிறார்கள். டெஸ்ட் கட்டணத்தைத் திருப்பித் தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். வழக்குப் போடலாமா?

பதில்: எரிந்து விழுந்ததை விட்டுவிடுங்கள். மூன்று இடத்தில் குத்தியதையும் விடுங்கள், நரம்பு கிடைக்காதது மட்டும் கவனக்குறைவாகாது. எனக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்: 4.3 காட்டிய ரத்தத்தை மருந்து ஏற்றுவதற்கு முன்னால் எடுத்தார்களா, பின்னாலா?

7.2 என்ற எண்ணைப் பார்த்தால் மருத்துவர்கள் தாமதிக்க மாட்டார்கள். இன்சுலினும் குளுக்கோஸும் ஏற்றினால் பொட்டாசியம் இறங்கும். அதற்கப்புறம் எடுத்த ரத்தம் என்றால், ‘எங்கள் ரிப்போர்ட் சரிதான், சிகிச்சையில் குறைந்தது’ என்று லேப் தரப்பு ஒரே வரியில் முடித்துவிடும். இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாலே ஜெயித்துவிடலாம் என்று நம்பி வந்தவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். கேஸ் ஷீட் நகலை வாங்குங்கள். நர்ஸ் குறிப்பில் ரத்தம் எடுத்த நேரமும் மருந்து கொடுத்த நேரமும் பதிவாகியிருக்க வேண்டும்.

லேப் ரிப்போர்ட்டையும் இன்னொரு தடவை பாருங்கள். அதில் கால்சியமும் இருந்து, நம்பமுடியாத அளவுக்குக் குறைந்திருக்கிறதா? ஊதா மூடி ட்யூபில் ரத்தம் உறையாமலிருக்கப் போட்டிருக்கும் பொட்டாசியம் இடிடிஏ என்ற ரசாயனம் அடுத்த ட்யூபில் கலந்தால் பொட்டாசியம் ஏறும், கால்சியம் இறங்கும். அப்படியிருந்தால் சாட்சி உங்கள் கையிலேயே இருக்கிறது. சிவப்பணுக்கள் உடைந்திருந்தாலும் பொட்டாசியம் ஏறும். அது தெரிந்தும் ‘ஹீமோலைஸ்ட்’ என்று குறிக்காமல் ரிப்போர்ட் அனுப்பியிருந்தால் லேப் பதில் சொல்லியாக வேண்டும். பையில் சுற்றிய கதைக்கும் மதிப்பு உண்டு, ஆனால் நேரத்தை நிரூபித்தால்தான். தாமதமானால் அணுக்களிலிருந்து பொட்டாசியம் கசியும் என்பதால், சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் மேலே நிற்கும் தெளிந்த நீரை, 2 மணி நேரத்துக்குள் அணுக்களிலிருந்து பிரித்துவிட வேண்டும் என்பது லேப்களின் பொது நெறி. ரத்தம் எடுத்த நேரம், லேபுக்கு வந்து சேர்ந்த நேரம் எல்லாம் அவர்களுடைய பதிவேட்டில் இருக்கின்றன. சாம்பிளைச் சில நாளில் கொட்டிவிடுவார்கள். அதனால் சாம்பிளையும் பதிவேட்டையும் மெஷின் பதிவையும் அழிக்கக்கூடாது என்று இன்றே எழுத்தில் கேளுங்கள். போனில் சொன்னது கணக்கில் வராது.

அந்தக் கையெழுத்தை இப்போது போடாதீர்கள். ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வரி அதில் இருந்தால், டெஸ்ட் கட்டணத்துக்காக ஐசியூ பில்லையும் விட்டுக்கொடுத்ததாகிவிடும்.

அம்மா நல்லபடியாக வீடு திரும்பியிருந்தால், நஷ்டம் என்று நீங்கள் காட்டக்கூடியது பெரும்பாலும் அந்த பில்தான். அதற்காக நிபுணர் சாட்சி வைத்து வருடக்கணக்கில் அலைவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். மருந்துக்கு முன் எடுத்த ரத்தம் என்றால் முழு பில்லையும் கேட்டுச் சமரசம் பேசுங்கள். பின்னால் எடுத்தது என்றால், லேப் பதிவிலும் ஒன்றும் சிக்காத பட்சத்தில், பில்லில் பாதி கிடைத்தாலும் வாங்கிக்கொண்டு முடித்துவிடுங்கள்.