'ஸ்லோ டவுன்': சேர்த்தா, பிரித்தா?

கேள்வி: ஆங்கில நாளிதழ்களில் 'ஸ்லோ டவுன்' என்பது சில இடங்களில் ஒரே சொல்லாகவும், சில இடங்களில் இரு சொற்களாகவும் அச்சிடப்பட்டிருக்கிறது. எது சரி? 'ஸ்லோ அப்' என்றால் வேகம் கூடுகிறது என்று பொருளா?

பதில்: இரண்டு வடிவங்களும் சரியே, ஆனால் ஒன்று வர வேண்டிய இடத்தில் மற்றொன்று வரக் கூடாது. வினைச்சொல்லாகும்போது பிரித்தும் பெயர்ச்சொல்லாகும்போது சேர்த்தும் எழுத வேண்டும். ஐயம் எழுந்தால், வாக்கியத்தை இறந்த காலத்துக்கு மாற்றிப் பாருங்கள். 'ஸ்லோட் டவுன்' என்று நடுவில் உருமாற்றம் நிகழ்ந்தால் அது வினை. முன்னால் 'எ' அல்லது 'தி' சேர்ந்து, பன்மையில் 'ஸ்லோடவுன்ஸ்' என்று இறுதியில் விகுதி ஏற்றால் அது பெயர். உச்சரிப்பும் உதவும்: பெயரில் அழுத்தம் 'ஸ்லோ' மீதும், வினையில் பெரும்பாலும் 'டவுன்' மீதும் விழும். 'பிரேக் டவுன்', 'ஷட் டவுன்' ஆகியவற்றுக்கும் இதே முறைதான்.

வினையாக வரும்போது 'ஸ்லோ டவுன் தி கார்' என்றும் 'ஸ்லோ தி கார் டவுன்' என்றும் எழுதலாம். காருக்குப் பதிலாக 'இட்' வந்துவிட்டால் 'ஸ்லோ இட் டவுன்' ஒன்றே சரி.

'ஸ்லோ அப்' என்பதற்கும் வேகம் குறைதல் என்றே பொருள்; வழக்கில் சற்று அரிது, அவ்வளவுதான். வேகம் கூடுவதற்கு 'ஸ்பீட் அப்' இருக்கிறது. வீடு எரிந்து போனால் 'பர்ன்ட் டவுன்' என்றும் காகிதம் எரிந்து போனால் 'பர்ன்ட் அப்' என்றும் சொல்லும் மொழியில், மேலும் கீழும் எப்போதும் எதிரெதிராக நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

எழுத்து வடிவத்தைவிடப் பொருளில்தான் பிழை மிகுதி. ஒரு நாட்டின் பொருளாதார வளர்ச்சி 7 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தால் அது ஸ்லோடவுன். அப்போதும் பொருளாதாரம் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது, வளரும் வேகம் மட்டுமே குறைந்திருக்கிறது. உற்பத்தியே சுருங்கும் நிலைக்கு 'ரிசஷன்' என்று பெயர். அடுத்தடுத்த 2 காலாண்டுகளில் சுருக்கம் ஏற்பட்டால் அப்படி அழைப்பது செய்தித்தாள் வழக்கம். தமிழில் இரண்டையும் 'மந்தநிலை' என்றே எழுதிவிடுவதால் வளர்கிற பொருளாதாரமும் விழுகிற பொருளாதாரமும் வாசகருக்கு ஒன்றாகத் தோன்றுகின்றன. முன்னதை 'வளர்ச்சித் தொய்வு' என்று எழுதி, 'மந்தநிலை'யைப் பின்னதற்கே விட்டுவைப்பது நல்லது என்பது என் கருத்து. விலைவாசி உயர்வு 'ஸ்லோ டவுன்' ஆகிறது என்ற செய்தியைப் படித்து, விலை இறங்கிவிட்டதாக மகிழ்வதும் இதே தடுமாற்றத்தின் விளைவே. விலை இன்னும் ஏறுகிறது, முன்பைவிட மெதுவாக ஏறுகிறது.

எண்களோடு எழுதும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். மேற்சொன்ன எடுத்துக்காட்டில் வளர்ச்சி 'டு 5 பர்சென்ட்', அதாவது 5 சதவீதமாகக் குறைந்தது. 'பை 5 பர்சென்ட்' என்று எழுதிவிட்டால் குறைந்த அளவே 5 சதவீதம் என்றாகி, கணக்கே மாறிவிடும். 'பை' போட விரும்பினால், 7-க்கும் 5-க்கும் உள்ள வித்தியாசத்தை '2 பர்சென்டேஜ் பாயின்ட்ஸ்' (சதவீதப் புள்ளிகள்) என்று எழுத வேண்டும்.