ஈ.கோலை கே-12 தொகுப்பில் ஏழுக்குப் பதில் ஒரே 16எஸ் மரபணு

ஈ.கோலை பாக்டீரியாவின் கே-12 திரிபில் ஏழு 16எஸ் மரபணுக்கள் இருக்க வேண்டும், ஆனால் குறுகிய டிஎன்ஏ வாசிப்புகளை மென்பொருளால் ஒட்டி நீங்கள் உருவாக்கிய தொகுப்பில் ஒன்றுதான் வந்தது என்று கேட்டிருந்தீர்கள். மரபணுக்கள் காணாமல் போகவில்லை. ஏழு ஆர்ஆர்என்ஏ (ரைபோசோம் ஆர்என்ஏ) ஓபரான்களும், அதாவது சேர்ந்து இயங்கும் மரபணு வரிசைகளும், ஒன்றன்மேல் ஒன்றாகத் தொகுப்பின் ஒரே துண்டில் மடிந்துவிட்டன. உங்கள் கண்ணாடிக்குழாயில் இருப்பது கே-12தான், திரிபை மாற்றிவிடாதீர்கள்.

காரணம் பெரும்பாலும் வாசிப்பின் நீளம். ஓர் ஓபரான் (16எஸ், இடையில் அமினோ அமிலத்தைச் சுமக்கும் டிஆர்என்ஏ, 23எஸ், 5எஸ் என்ற வரிசை; எஸ் எண்கள் ஆர்ஆர்என்ஏ வகைகளின் பெயர்கள்) 5,000 காரங்களுக்கு (டிஎன்ஏ எழுத்துகளுக்கு) மேல் நீள்கிறது. ஏழும் ஏறத்தாழ ஒரே எழுத்து வரிசை. நீங்கள் சொல்லும் 150 கார வாசிப்புகளால் எது எந்த ஓபரானைச் சேர்ந்தது என்று மென்பொருள் பிரித்தறியவே முடியாது.

இப்படிச் சோதியுங்கள்:

1. 16எஸ் இருக்கும் துண்டின் வாசிப்பு ஆழத்தை (ஓரிடத்தின் மேல் எத்தனை வாசிப்புகள் விழுகின்றன என்பதை) பாருங்கள்.

2. அதை எஸ்10 ஓபரானின் ஆழத்தோடு ஒப்பிடுங்கள். அதில் பதினொரு ரைபோசோம் புரத மரபணுக்கள் ஒரே வரிசையில், ஒரே பிரதியாக உள்ளன. நல்ல அளவுகோல் அது. 16எஸ் ஏறக்குறைய ஏழு மடங்கு காட்டினால், ஏழும் மடிந்ததில் ஐயமில்லை.

3. 16எஸ், 23எஸ் இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளிப் பகுதியையும் பாருங்கள். நான்கு ஓபரான்களில் குளுட்டமேட் டிஆர்என்ஏ, மூன்றில் ஐசோலூசின், அலனின் டிஆர்என்ஏ இரண்டும் உண்டு. அந்த இடத்தில் துண்டு இரண்டாகக் கிளைத்திருக்கும். இந்தக் கிளைப்பு மிக அழகான தடயம், தவறவிடாதீர்கள்.

ஏழு மடங்கு துல்லியமாக வராது. வேகமாக வளரும் செல்களில், டிஎன்ஏ இரட்டிப்பு தொடங்கும் புள்ளிக்கு அருகிலுள்ள மரபணுக்கள் கூடுதலாக எண்ணப்படும். 5எஸ் மட்டும் எட்டு, ஏனெனில் ஏழில் ஒன்றான ஆர்ஆர்என்-டி ஓபரானில் ஒன்று அதிகம்.

இந்த எண்ணை வேறு பாக்டீரியாவுக்குப் பொருத்தாதீர்கள். காசநோய்க் கிருமிக்கு ஓபரான் ஒன்றே ஒன்றுதான். ஏழையும் தனித்தனியே அவற்றின் இடத்தில் காண வேண்டுமென்றால், முழு ஓபரானையும் தாண்டும் நீள வாசிப்பு தேவை.