மருந்து வீட்டில், மாப்பிள்ளை கடலில்

கேள்வி: அக்கா, எனக்கு 33 வயது. மொரிஷியஸில், ரோஸ்ஹில்லில் மாமியார் வீட்டில் இருக்கிறேன். கல்யாணமாகி மூன்று வருடமாகியும் குழந்தையில்லை. மாமியார் கூட்டிப்போன ஆயுர்வேத வைத்தியர் தந்த பலகிருதம் என்ற மருந்து நெய்யும் அசோகாரிஷ்டம் என்ற புளித்த கஷாயமும் விடாமல் சாப்பிடுகிறேன். ஆசனவாய் வழியே மருந்து ஏற்றும் வஸ்தியும் ஆயிற்று. கணவர் சுற்றுலாக் கப்பலில் சமையல்காரர். ஒன்பது மாதம் கடலில், இரண்டு மாதம் வீட்டில். அடுத்து உத்தரவஸ்தி என்ற சிகிச்சையும் செய்துகொண்டால் பலன் கிடைக்குமா?

பதில்: உத்தரவஸ்தி கிடக்கட்டும். கப்பல் விஷயத்தை ஏதோ வீட்டு விலாசம் மாதிரி ஒரு வரியில் எழுதித் தாண்டிவிட்டாயே! கல்யாண நாளிலிருந்து விரல் விட்டு எண்ணிப் பார். மூன்று வருடத்தில் நீங்கள் சேர்ந்திருந்தது எட்டு மாதத்துக்கு மேல் தேறாது. ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்தும் கரு உண்டாகாவிட்டால்தான் டாக்டர்கள் அதைக் குழந்தையின்மை என்பார்கள். பெண்ணுக்கு 35 ஆகிவிட்டால் ஆறு மாதம். பிறகு, குறை உன்னிடம்தான் என்று தீர்ப்பெழுதியது யார்? மாமியாரா?

அந்த வைத்தியர்மேல் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. கரு உண்டாக நான்கு ஒன்றுசேர வேண்டும் என்கிறது சுசுருத சம்ஹிதை என்ற பழைய ஆயுர்வேத நூல்: ருது, க்ஷேத்திரம், அம்பு, பீஜம். அதாவது காலம், கருப்பை, ஊட்டம், வித்து. நெய்யும் அரிஷ்டமும் உன் உடம்புக்கு. காலத்துக்கு என்ன செய்தார்? மாதத்தில் கரு பிடிக்கும் நாட்கள் ஆறே ஆறு. அந்த நாட்களில் புருஷன் நடுக்கடலில் மீன் பொரித்துக்கொண்டிருக்க, நீ இங்கே நெய் குடித்து என்ன பயன்? வித்து ஆணுக்கும் உண்டு. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது. அவரைச் சோதித்ததாக உன் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை.

உத்தரவஸ்தி என்றால் கருப்பைக்குள் எண்ணெயோ நெய்யோ செலுத்துவது. சுத்தம் தவறிக் கிருமி ஏறினால் நல்ல கருக்குழாயும் அடைபடும். குழாய், முட்டை, தைராய்டு எதையும் பார்க்காமல் சம்மதிக்காதே. மொரிஷியஸில் 1989-லேயே ஆயுர்வேதத்துக்குச் சட்டம் வந்துவிட்டது. அந்த வைத்தியர் பதிவு பெற்றவர்தானா என்று கேள். உலோகங்களைப் புடமிட்டுச் செய்யும் பொடிகளான பற்பம், செந்தூரம் தந்தால் தொடாதே. அவற்றில் ஈயமோ பாதரசமோ இருந்தால் வயிற்றுப் பிள்ளைவரை போகும்.

கடன் இருக்கும், கப்பல் சம்பளம் வேண்டியிருக்கும், தெரியும். ஆனால் பேரப்பிள்ளை கேட்கிற வீடு முதலில் மகனைக் கரையேற்ற வேண்டும். பிள்ளை பெறுவது மருமகள் தலையில் மட்டும் கட்டிய சுமையில்லை. இந்தமுறை வந்திறங்கினால் அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட விடாதே. கிராண்ட் பேயில் ஏதாவது ஹோட்டலில் ஒரு வருடம் சமைக்கட்டும். உனக்கு 35 ஆக இன்னும் இரண்டே வருடம். வந்த வாரமே விந்துப் பரிசோதனை. மாமியார் முகம் சுளித்தால், உன்னை வைத்தியரிடம் கூட்டிப்போனவர்தானே, மகனையும் அவரே கூட்டிப்போகட்டும்.