பழைய வீதிக்குள் புது வீடு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எங்க அப்பாரு கட்டின வீடுங்க, கோவை சுக்கிரவார்பேட்டையில். 22 அடி முகப்பு, 70 அடி நீளம். முன்னால் திண்ணை, ஓட்டுத் தாழ்வாரம், நடுவில் தொட்டிக்கட்டு (திறந்த முற்றம்), இரண்டு பக்கமும் பொதுச்சுவர். வீதி 20 அடி அகலம். இடித்துவிட்டு மாடி வீடு கட்டலாம் என்கிறான் மகன். திண்ணை போகக் கூடாது என்கிறார் அம்மா. இரண்டுக்கும் வழி உண்டுங்களா?

பதில்: உண்டுங்க. முன்பக்கம் 20 அடியை அப்படியே நிறுத்துங்கள். பின்னால் கிடைக்கிற 50 அடியில் மகன் கேட்கிற வீட்டைக் கட்டுங்கள். 20 அடி என்பதற்குக் கணக்கு இருக்கிறது. முகப்பின் மேல்விளிம்பு 15 அடி, எதிர்வரிசையில் நிற்பவரின் கண் 5 அடி என்று வைத்துக்கொள்வோம். வீதியின் 20 அடி அகலத்தில் பார்வை 10 அடி ஏறுகிறது. அதாவது, மாடியைப் பின்னால் தள்ளுகிற ஒவ்வொரு 2 அடிக்கும் 1 அடி உயரம் மறைகிறது. 20 அடி தள்ளினால் 10 அடி மறையும்; புது மாடியின் கைப்பிடிச் சுவர் 25 அடி உயரம் வந்தாலும் வீதியில் நிற்பவருக்குத் தெரியாது. உங்கள் முகப்பை அளந்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். பின்கட்டுக்குப் போலிச் செட்டிநாட்டுத் தூணெல்லாம் வேண்டாம். கான்கிரீட்டும் கண்ணாடியும் அதனதன் அழகோடு இருக்கட்டும். வீதிக்குச் சொந்தமானது திண்ணையின் வரிசையும் தாழ்வாரத்தின் உயரமும்தான். அவற்றைக் கெடுக்காதீர்கள்.

உண்மையான ஆபத்து பொதுச்சுவரில் இருக்கிறது. அந்தக் காலத்து வீடுகளில் செங்கல்லை மண்சாந்தில் கட்டி, மேலே சுண்ணாம்பு பூசியிருப்பார்கள். அஸ்திவாரம் பெரும்பாலும் 3, 4 அடிதான் இருக்கும். அதை ஒட்டி 6 அடிக் குழி எடுத்தால், அடியில் இருக்கும் மண் குழிக்குள் சரியும். பக்கத்து வீட்டுச் சுவர் விரிசல் விடும். அதனால் கான்கிரீட் தூண் வரிசையை இரண்டு பக்கமும் மூன்றரை, நான்கு அடி உள்ளே தள்ளி, பிளிந்த் பீமை (தரைமட்டத்தில் தூண்களை இணைக்கும் கான்கிரீட் விட்டம்) வெளியே நீட்டி அதன்மேல் புதுச்சுவரை ஏற்றச் சொல்லுங்கள். குழிகளை ஒரே நாளில் ஜே.சி.பி. விட்டுத் தோண்டக் கூடாது. ஒன்றுவிட்டு ஒன்றாக எடுத்து, கான்கிரீட் போட்டு மண் மூடிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும்.

பழைய விட்டங்களைக் கழற்றினால் பொதுச்சுவரில் பொந்து விழும். அதைச் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்து அன்றைக்கே அடைக்க வேண்டும். இதுவரை வீட்டுக்குள் இருந்த சுவர் இனி மழையில் நனையப்போகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். புதுச்சுவருக்கும் பழைய சுவருக்கும் நடுவில் 1 அங்குலம் விட்டுத் தெர்மாகோல் வையுங்கள். மேல்வாயை மடித்த ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகட்டால் மூடி, தகட்டின் ஓரத்தைப் பழைய சுவரில் 1 அங்குலம் காடி வெட்டிச் செருகுங்கள். அந்த வாயைத் திறந்து விட்டால் ஐப்பசி மழை முழுக்க அதற்குள் இறங்கிவிடும், பக்கத்து வீட்டில் பூஞ்சை பூக்கும்.

வேலை தொடங்குமுன் பக்கத்து வீட்டாரையும் கூட வைத்துக்கொண்டு அவர்கள் சுவரில் உள்ள விரிசல்களைத் தேதியோடு படம் எடுங்கள். பெரிய விரிசலுக்குக் குறுக்கே, ஒரு விரல் நீளக் கண்ணாடித் துண்டை இரண்டு முனையிலும் சாந்து வைத்து ஒட்டுங்கள். துண்டு உடைந்தால் சுவர் நகர்கிறது என்று அர்த்தம். வேலையை நிறுத்திவிட்டுப் பொறியாளரைக் கூப்பிட வேண்டும்.

தொட்டிக்கட்டுக்கு மேல் பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடுவதானால், சுற்றிலும் ஒன்றரை அடி திறந்திருக்கட்டும். முழுக்க அடைத்தால் சூடு உள்ளேயே நின்றுவிடும்.

கேள்வி: கரூரில் பழைய வீடு. வெளிச்சுவருக்கு சிமென்ட் பூசி எமல்ஷன் அடித்தோம். இரண்டே வருஷத்தில் 3 அடி உயரம் வரை உப்பு பூத்து உதிர்கிறது. திரும்பப் பூசினாலும் அதே கதை.

பதில்: சுவருக்குள் ஏறுகிற ஈரம் சுண்ணாம்பு வழியாக வெளியேறிக்கொண்டிருந்தது. சிமென்ட் அந்த வழியை அடைத்துவிட்டது. ஈரம் இன்னும் மேலே ஏறுகிறது; உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி அதைத் தள்ளுகிறது. ஈரத் தடத்துக்கு 1 அடி மேல்வரை சிமென்ட்டைக் கொத்தி எடுத்து, ஒரு கோடை முழுக்கச் சுவரைக் காயவிடுங்கள். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். தண்ணீர் விட்டால் கரைந்து சுவருக்குள்ளேயே போய்விடும். குறைந்தது 15 நாள் ஊறிய சுண்ணாம்பு 1 பங்கு, சலித்த மணல் 3 பங்கு. கடுக்காய் ஊறிய தண்ணீரில் குழையுங்கள். ஒரு பூச்சு 12 மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டாம். ஈரச்சாக்கு தொங்கவிட்டு ஒரு வாரம் வெயில் படாமல் காக்க வேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று கொத்தனார் ஒரு கை சிமென்ட் போடுவார், விடாதீர்கள். மேலே மூன்று முறை சுண்ணாம்பு வெள்ளை அடித்தால் போதும்.

வாசலையும் பாருங்கள். தார் மேல் தார் போட்டு ரோடு உங்கள் தரைமட்டத்துக்கு மேலே ஏறியிருந்தால், எந்தப் பூச்சும் நிற்காது. சுவரோரம் இருக்கும் கான்கிரீட்டை 1 அடி அகலம் உடைத்து ஜல்லி நிரப்பி, தண்ணீர் வடிய வாட்டம் கொடுங்கள்.

கேள்வி: நாமக்கல் கோட்டைக்குப் பக்கத்தில் வீடு. மாடி எடுக்கலாமா?

பதில்: கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 2010 சட்டத் திருத்தப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. பழுதுபார்ப்பதற்கும் அனுமதி வேண்டும். அடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்கிக் கட்டலாம். தூரத்தை அளந்துவிட்டுப் பிளான் போடுங்கள்.

கேள்வி: ஈரோட்டில் மேற்குப் பார்த்த பழைய ஜவுளிக்கடை. முகப்பை ஏ.சி.பி. ஷீட்டும் (இரண்டு அலுமினியத் தகட்டுக்கு நடுவே வேறு பொருள் வைத்த பலகை) கண்ணாடியும் வைத்து மூடலாமா?

பதில்: வேண்டாங்க. மண்சாந்துச் செங்கல்லில் ஆங்கர் போல்ட் பிடிக்காது. பாலிஎத்திலீன் நடுவில் வைத்த சாதா ஷீட் தீப்பிடித்தால் பரவும். ஜவுளிக் கடைக்கு அது ஆகவே ஆகாது. மாலை வெயில் சாய்வாக வருவதால் சன்ஷேடை நீட்டியும் பயனில்லை. மரச்சட்டத் தடுப்போ மூங்கில் தட்டியோ செங்குத்தாக வையுங்கள். பெயர்ப் பலகையை ஜன்னலுக்கு மேலே, எழுதகத்துக்குக் (சுவரின் மேல்விளிம்பில் நீட்டிய பட்டை) கீழே ஒரே பட்டையாக அமைத்து, திருகை செங்கல்லில் இறக்காமல் சாந்து இணைப்பில் இறக்கச் சொல்லுங்கள். நாளைக்குக் கழற்றினாலும் செங்கல் முழுசாக இருக்கும்.