மேற்கோள் எண்ணிக்கை எதைக் காட்டும்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கணிதப் பேராசிரியர் ஒருவர், மருத்துவ ஆய்வாளர் ஒருவர் ஆகிய இருவருக்கும் ஆய்வுக் கட்டுரைகளைத் தேட உதவும் கூகுள் ஸ்காலர் தளத்தில் உள்ள பக்கங்களை ஒப்பிட்டுப் பார்த்தேன். முதலாமவரின் எச்-இண்டெக்ஸ் 12, இரண்டாமவருடையது 48. மருத்துவ ஆய்வாளரின் பணி நான்கு மடங்கு சிறந்தது என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ளக் கூடாது. எச்-இண்டெக்ஸை 2005-இல் முன்மொழிந்தவர் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். ஒருவருடைய கட்டுரைகளுள் 12 கட்டுரைகள் பிறருடைய ஆய்வுகளில் தலா 12 முறையேனும் மேற்கோள் காட்டப்பட்டிருந்து, 13 கட்டுரைகள் தலா 13 முறை காட்டப்பட்டன என்று சொல்ல இயலாதென்றால், அவருடைய குறியீடு 12 ஆகும். உயிரறிவியலாளரின் எண்கள் இயற்பியலாளரின் எண்களைவிட உயர்ந்திருக்கும் என்பதை ஹிர்ஷ் தம் கட்டுரையிலேயே சுட்டியிருந்தார். அந்த எச்சரிக்கையை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் பிறகு வந்தவர்கள்தாம்.

வேறுபாட்டின் காரணம் திறமையில் இல்லை, துறையின் பழக்கத்தில் இருக்கிறது. மருத்துவத்தில் ஆய்வாளர்கள் மிகப் பலர். ஒவ்வொரு கட்டுரையின் இறுதியிலும் பல பத்து மேற்கோள்கள் இடம்பெறும். புதிய முடிவு ஓரிரு ஆண்டுகளில் அடுத்த கட்டுரைக்குள் வந்துவிடும். கணிதத்திலோ மேற்கோள் பட்டியல் குறுகியது; ஒரு நிறுவலை (நிரூபணத்தை) பிறர் படித்துச் சரிபார்த்து அதன்மேல் புதிதாக ஒன்றைக் கட்டுவதற்கே சில ஆண்டுகள் ஆகிவிடும். வரலாறு, இலக்கியம் போன்ற துறைகளில் முதன்மையான ஆய்வுகள் நூல்களாக வருவதால், ஆய்விதழ்களையே பெரிதும் சார்ந்த தரவுத்தளங்களில் அவற்றின் தாக்கத்தின் பெரும்பகுதி பதிவாவதே இல்லை.

ஆகவே, ஒரு கட்டுரை பெற்ற மேற்கோள்களை அதே துறையில், அதே ஆண்டில், அதே வகையில் வெளிவந்த கட்டுரைகளின் சராசரியோடு ஒப்பிடுவதே முறை. அந்த விகிதம் 1 என்றால் சராசரி. 2 என்றால் அதைப் போல இரு மடங்கு. இதிலும் ஒரு சிக்கல் உண்டு: புள்ளியியலாளர் ஒருவர் மரபணு ஆய்வுக்காக உருவாக்கிய கணக்கீட்டு முறையை எந்தத் துறையின் சராசரியோடு ஒப்பிடுவது? எந்தத் துறையில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து அவருடைய மதிப்பெண்ணே மாறிவிடும்.

மேற்கோள் மிகுதி என்பது பயன்பாட்டின் அளவு என்பதையும் மறக்கலாகாது. புரதத்தின் அளவை அறியும் முறையை விளக்கி ஆலிவர் லௌரியும் உடன் ஆய்வாளர்களும் 1951-இல் வெளியிட்ட கட்டுரை 3 லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்களைப் பெற்றது. அம்முறையைக் கையாண்ட ஆய்வகங்களெல்லாம் அக்கட்டுரையைச் சுட்டியதே அதற்குக் காரணம். அது மகத்தான கட்டுரை அன்று என்று லௌரியே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

கேள்வி: ஒரே கட்டுரையில் நூற்றுக்கணக்கானோரின் பெயர்கள் இருந்தால், மேற்கோள்கள் யாருடைய கணக்கில் சேரும்?

பதில்: பெரும்பாலான தரவுத்தளங்களில் ஒவ்வொருவர் கணக்கிலும் முழுமையாகச் சேரும். செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வகத்தின் அட்லஸ், சி.எம்.எஸ். குழுக்கள் ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி 2015-இல் இணைந்து வெளியிட்ட கட்டுரைக்கு ஆசிரியர்கள் 5,154 பேர். அதன் 33 பக்கங்களில் 24 பக்கங்களை அவர்களுடைய பெயர்களும் நிறுவனங்களுமே நிறைத்தன. கணிதவியலாளர் பால் எர்டோஷுக்கும் 500-க்கு மேற்பட்ட இணையாசிரியர்கள் இருந்தார்கள். ஆனால் அவர் எழுதிய ஏறத்தாழ 1,500 கட்டுரைகளில் பெரும்பாலானவை ஓரிருவரோடு சேர்ந்து எழுதியவை. இணையாசிரியர்களை எண்ணிப் பார்ப்பதால் மட்டும் இவ்விரு கூட்டுழைப்புகளின் வேறுபாடு புலப்படாது.

மேற்கோளை ஆசிரியர் எண்ணிக்கையால் வகுத்துப் பங்கிடும் முறையும் இருக்கிறது. சமமாகப் பங்கிட்டால் சோதனையை நடத்தியவருக்கும் ஒரு வரைபடம் தந்தவருக்கும் ஒரே பங்கு கிடைக்கும் என்பதால், அது எனக்கு முழு நிறைவைத் தரவில்லை. பெயர் வரிசையும் எல்லாத் துறையிலும் ஒரே பொருளைத் தருவதில்லை. உயிர்மருத்துவத்தில் முதற்பெயர் பெரும்பாலும் வேலையைச் செய்தவருடையது, கடைசிப் பெயர் குழுவை வழிநடத்தியவருடையது. கணிதத்திலோ அகரவரிசையே வழக்கம். எவர் எதைச் செய்தார் என்பதைக் கட்டுரையிலேயே எழுதிவைக்கும் பங்களிப்புக் குறிப்பைத் தேடிப் படியுங்கள்.

கேள்வி: இரு துறைகளுக்கு நடுவில் நிற்கும் என் கட்டுரை நான்கு ஆண்டுகளாக ஒரு மேற்கோளும் பெறவில்லை. அந்த வழியைக் கைவிட்டுவிடலாமா?

பதில்: அந்த ஒரு காரணத்துக்காகக் கைவிட வேண்டாம். புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் 1901-இல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து தோன்றியதே, பல அளவைகள் கொண்ட தரவைச் சில முதன்மைக் கூறுகளாகச் சுருக்கும் முதன்மைக் கூறு பகுப்பாய்வு. கணினிகள் பெருகிப் பெருந்தரவுகள் குவிந்த பிறகே அக்கட்டுரை மரபியல் முதல் படப்பகுப்பாய்வு வரை பல துறைகளிலும் பரவலாகச் சுட்டப்பட்டது. ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோள்களைக் காட்டும் தாக்கக் காரணி முந்தைய இரண்டு ஆண்டுகளின் கட்டுரைகளை மட்டுமே கணக்கில் கொள்வதால், இப்படித் தாமதமாக விழித்தெழும் ஆய்வுகள் அதன் கண்ணில் படுவதில்லை.

இதற்கிடையில் நீங்கள் செய்யக்கூடியவையும் உண்டு. சுருக்கத்தில் மற்றத் துறையினர் தேடும் சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இதழின் விதி இடம்தந்தால், கட்டுரையை எவரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த இணையக் களஞ்சியம் ஒன்றில் இடுங்கள். உங்கள் பெயர் தலைப்பெழுத்தோடும் தலைப்பெழுத்து இல்லாமலும் இரு விதமாகப் பதிவாகியிருந்தால், ஆர்கிட் எனப்படும் 16 இலக்க அடையாள எண்ணின்கீழ் எல்லாவற்றையும் சேர்த்துவிடுங்கள்.