புரை எடுக்க முன் விழித்திரைப் படம் எதற்கு?

கேள்வி: அம்மாவுக்கு வயது 67. பதினான்கு வருடமாகச் சலரோகம். வலது கண் புரைக்குச் சத்திரசிகிச்சை நாள் தந்துவிட்டார்கள். கண்ணின் நீளம் அளந்து வில்லையின் இலக்கமும் எழுதியாயிற்று. இப்போது 'ஓ.சி.ரி.' ஸ்கானும் வேண்டுமாம். வெளியில் காசு கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். கட்டாயமா?
- வாசகி, உப்புவெளி

பதில்: எல்லோருக்கும் கட்டாயமில்லை. அம்மாவுக்கு அவசியம், எடுத்துவிடுங்கள்.

நீளம் அளந்தது எந்த இலக்க வில்லை பொருந்தும் என்று அறிய மட்டும். ஓ.சி.ரி. பார்ப்பது கண்ணின் பின்சுவரான விழித்திரையை. மங்கிய வில்லையை எடுத்துப் புதியதை வைத்தாலும் வெளிச்சம் போய் விழுவது அங்கேதான். அதன் நடுவிலுள்ள மஞ்சட்புள்ளிதான் எழுத்தையும் முகத்தையும் பிரித்தறிகிறது. நெடுநாள் சலரோகத்தில் அந்த இடத்தில் நீர் கோர்க்கும். மெல்லிய சவ்வு படர்வதும் சிறு துளை விழுவதும் வயதானவர்களுக்கு உண்டு. புரைக்குப் பின்னால் மறைந்திருக்கும் இவற்றை வைத்தியரின் கண் தவறவிடலாம். ஓ.சி.ரி. விழித்திரையைக் குறுக்கே வெட்டியதுபோல அடுக்கடுக்காகக் காட்டும், சில மைக்ரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வித்தியாசமும் தெரியும்.

நீர் இருப்பது தெரியாமல் புரையை எடுத்தால், சத்திரசிகிச்சையின் அழற்சியால் அது கூடக்கூடும். அப்போது பார்வை தெளியாது. "ஒப்பரேசன் பிழைத்துவிட்டது" என்று வீட்டில் வருந்துவார்கள், நோயோ முன்பே இருந்தது. முதலே தெரிந்தால் கண்ணுக்குள் ஊசி போட்டு நீரை வற்றவைத்த பிறகு நாள் குறிக்கலாம். புரை முற்றியிருந்தால் இரண்டையும் ஒன்றாகச் செய்வதும் உண்டு. தூரத்தையும் கிட்டத்தையும் காட்டும், விலை கூடிய பன்முகக் குவிய வில்லையை யாராவது சிபாரிசு செய்தால் இந்தப் படத்தைப் பார்க்காமல் சம்மதிக்காதீர்கள். மஞ்சட்புள்ளி பழுதான கண்ணில் அந்த வில்லை பார்வையை இன்னும் மங்கலாக்கும்.

எடுப்பது சுலபம். தாடையை வைத்து, உள்ளே தெரியும் புள்ளியைப் பார்த்தபடி இருக்க வேண்டும். ஒளிக்கதிர்தான், எக்ஸ்ரே அல்ல. எதுவும் கண்ணைத் தொடாது, சில நிமிடத்தில் முடியும். கிருஷ்ணமணியை விரிக்கச் சொட்டு மருந்து விட்டால் நாலைந்து மணி நேரம் மங்கலாகவும் கூச்சமாகவும் இருக்கும். அம்மாவைத் தனியே பஸ்ஸில் அனுப்ப வேண்டாம். கண் காய்ந்திருந்தாலும் படம் கெடும். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் இது அதிகம். படம் எடுக்குமுன் நன்றாக இமைக்கச் சொல்லுங்கள், தேவையென்றால் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு கேட்டுப் பாருங்கள். அறிக்கையில் படத்தின் தரத்துக்கு ஓர் எண் இருக்கும். அது குறைவென்றால் அங்கேயே திருப்பி எடுக்கச் சொல்லுங்கள்.

ஒன்றை மறக்கக்கூடாது. இந்தப் படம் பெரும்பாலும் நடுப்பகுதியை மட்டுமே காட்டும். விழித்திரையின் ஓரத்தில் கிழிசல் இருந்தால் தெரியாது. ஆகவே கிருஷ்ணமணியை விரித்து வைத்தியர் பார்க்கும் பரிசோதனையும் தேவை.

படத்தைக் கிளினிக் கொப்பியுடன் பத்திரமாக வையுங்கள். சத்திரசிகிச்சைக்குப் பின் முதலில் நன்றாகத் தெரிந்த கண் நான்கு முதல் ஆறு வாரத்தில் மங்கினால் மஞ்சட்புள்ளியில் நீர் கோர்த்திருக்கலாம். அப்போது பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் புதிதாக வந்ததா என்று சொல்ல முடியும்.

கேள்வி: அப்பாவின் இடது கண் புரை முற்றி வெள்ளையாகிவிட்டது. ஓ.சி.ரி. எடுத்தும் ஒன்றும் விழவில்லை. பி-ஸ்கான் எடுக்கச் சொல்கிறார்கள்.
- வாசகர், மூதூர்

பதில்: சரியான யோசனை. அவ்வளவு தடித்த புரையை ஓ.சி.ரி.யின் ஒளி ஊடுருவாது, பி-ஸ்கானின் ஒலியலை ஊடுருவும். மூடிய இமைமேல் ஜெல் பூசி எடுப்பார்கள். விழித்திரை கழன்றிருக்கிறதா, உள்ளே இரத்தம் கசிந்திருக்கிறதா என்று தெரியும். மஞ்சட்புள்ளியின் நுண்ணிய பழுது தெரியாது. அதனால் எவ்வளவு பார்வை திரும்பும் என்று யாராலும் இப்போது உறுதி தர முடியாது. வலது கண்ணில் புரை மெல்லிதாக இருந்தால் அதற்கு இப்போதே ஓ.சி.ரி. எடுங்கள். சலரோகம், வயது காரணமான விழித்திரை நோய்கள் பெரும்பாலும் இரு கண்ணிலும் வருவதால் இடது கண்ணைப் பற்றியும் ஓரளவு ஊகிக்கலாம். இடது கண்ணுக்கான படத்தைப் புரை எடுத்த சில வாரங்களில் எடுக்கலாம்.