இடித்த வீட்டு மரத்தில் குதிரை: கழுத்து ஏன் கழன்றது?

கேள்வி: தாத்தா காலத்து ஓட்டு வீட்டை இடித்தபோது தேக்கு நிலைக்கால், பனங்கைத் துண்டுகள், துருப்பிடித்த கீல், கொண்டி, தாழ்ப்பாள் எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். அவற்றை வைத்து இரண்டடி உயரத்தில் ஒரு குதிரை செய்தேன். மூன்று மாதம்கூட ஆகவில்லை. கழுத்து கழன்றுவிட்டது, காது பிளந்துவிட்டது, பெயின்ட் உரிகிறது, அடியில் மாவு கொட்டுகிறது. மீதி மரத்தில் இன்னொன்று செய்ய ஆசை. எதை மாற்றிச் செய்ய வேண்டும்?

பதில்: நான்கு குறைகளுக்கும் காரணம் வேறு வேறு. மற்ற மூன்றும் காத்திருக்கும், மாவு காத்திருக்காது. அந்தக் குதிரையை இன்றைக்கே வீட்டு மரச்சாமான்களிலிருந்து தள்ளி வையுங்கள்.

கொட்டும் மாவை விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். முகப்பவுடர் மாதிரி வழுவழுவென்று இருந்தால் மரத்தை உளுக்க வைக்கும் வண்டு. கசகசா மாதிரி மணிமணியாக உருண்டால் காய்ந்த மரத்துக் கறையான். தேக்கின் வைரத்தை, அதாவது முற்றிய நடுமரத்தை, இந்த வண்டு பெரும்பாலும் தொடாது. நிலைக்காலின் ஓரத்தில் வெளிறிய பட்டையாக ஓடுகிறதே, அந்த வெள்ளைதான் அதற்குச் சோறு, மாவுச்சத்து அங்கேதான் இருக்கிறது. அடுத்த குதிரைக்கு மரம் அறுக்கும்போது வெள்ளையை முழுக்கச் சீவித் தள்ளுங்கள்.

இப்போதுள்ள குதிரை, துண்டு துண்டாகக் கழற்றினால் ஃப்ரீசரில் அடங்கும் அளவுதான். பாலித்தீன் பையில் இரண்டு சுற்று சுற்றி, காற்றுப் புகாமல் ஒட்டி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். ஒரு நாள் அப்படியே கிடக்கட்டும், இல்லாவிட்டால் குளிர்ந்த மரத்தின்மேல் நீர் கோத்துக்கொள்ளும். ஃப்ரீசரில் அடங்காத துண்டுக்கு ஒரு லிட்டர் வெந்நீரில் 60 கிராம் வெங்காரமும் (போராக்ஸ்) 40 கிராம் போரிக் அமிலமும் கரைத்து, இரண்டு மூன்று தடவை பூசுங்கள். ஓட்டைகளில் ஊசிக்குழாயால் ஏற்றுங்கள். கையுறை அவசியம், குழந்தைகள் கிட்டே வரக்கூடாது. பெயின்ட் இருக்கும் இடத்தில் இது இறங்காது, வெற்று மரத்தில்தான் வேலை செய்யும். காய்ந்த பிறகு பழைய ஓட்டைகளை மெழுகால் அடைத்துவிடுங்கள். புதிதாக ஓட்டை விழுந்தால் உடனே தெரிந்துவிடும்.

அடுத்து கழுத்து. நிலைக்காலைக் குறுக்கே அறுத்து, அந்த வெட்டு முகத்தை உடம்பில் வைத்து ஃபெவிகால் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறோம். குறுக்கு வெட்டில் மரத்தின் நுண்குழாய்களெல்லாம் வாய் திறந்து நிற்கும். பசையைக் குடித்துவிடும், ஒட்டுக்கு ஒன்றும் மிஞ்சாது. போதாததற்குத் தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு. வெட்டிப் பல நாள் ஆன முகத்தில் அது மேலே கசிந்து நிற்கும், பசை பிடிக்காது. எனவே ஒட்டும் நாளன்று முகத்தை உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்து, உலர்ந்ததும் கால் மணி நேரத்துக்குள் ஒட்டிவிடுங்கள்.

பசையை மட்டும் நம்பக்கூடாது, இரண்டு துண்டையும் கோத்துப் பிடிக்கும் குச்சி, அதாவது முளை வேண்டும். முற்றிய மூங்கிலில் 10 மில்லிமீட்டர் தடிமனில் இரண்டு முளை சீவி, கழுத்தில் 3 சென்டிமீட்டர், உடம்பில் 3 சென்டிமீட்டர் இறங்கும்படி துளை போடுங்கள். ஒரே முளை என்றால் தலை திரும்பிக்கொண்டே இருக்கும். முளையின் பக்கவாட்டில் ஒரு கோடு கீறிவிட்டால் துளையில் அடைபட்ட காற்றும் மிச்சப் பசையும் வெளியே வரும். இறுக்கிப் பிடிக்கக் கிளாம்ப் தேவையில்லை, பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி இழுத்துச் சுற்றி ஒரு நாள் விடுங்கள். வளைந்த வடிவத்துக்குக் கிளாம்பை விட அதுதான் பிடிக்கும்.

காது பிளந்ததற்கு ஆணிமேல் பழி. காய்ந்த பழைய மரத்தில் ஓரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளித்தான் எதையும் இறக்க வேண்டும், அதுவும் முன்துளை போட்டு. 4 மில்லிமீட்டர் திருகாணிக்கு 3 மில்லிமீட்டர் துளை. காதுக்கு மரமே எதற்கு? உங்களிடம் கீல் இருக்கிறது. கீலின் ஒரு இதழைத் தலையில் பதித்து இன்னொன்றை நிமிர்த்தி வைத்தால் காது தயார், அசைக்கவும் அசைக்கலாம். பட்டையான இரும்பை மரத்தின் நார் ஓட்டத்துக்குக் குறுக்கே நீளமாகப் பதிப்பதானால் மட்டும் ஒரு முனைத் துளையை நீள்வட்டமாக அரத்தால் அகட்டுங்கள். ஐப்பசி ஈரத்தில் மரம் உப்பும், சித்திரையில் சுருங்கும். இரும்பு அப்படியே நிற்கும், இரண்டு முனையும் இறுகியிருந்தால் மரம்தான் பிளக்கும்.

பனங்கையைக் கால்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெளிக்கருப்பு இரும்பு மாதிரி, உள்ளே சோறு மாதிரி. ஆணி அடித்தால் நாரோடு நார் பிரிந்துவிடும். 6 மில்லிமீட்டர் போல்ட்டை ஊடாக விட்டு இருபுறமும் வாஷர் வைத்து முடுக்குவதே வழி. அதன் சிலாம்பு கையில் ஏறினால் எடுப்பது கஷ்டம், கனமான கையுறை போடுங்கள்.

இரும்புச் சாமான்களை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்து ஓரிரவு ஊறவையுங்கள். மறுநாள் பிரஷால் தேய்த்து, சோடா உப்புத் தண்ணீரில் அலசி, உடனே வெயிலிலோ அடுப்புச் சூட்டிலோ காய வைத்துவிடுங்கள். ஈரத்தோடு ஒரு மணி நேரம் விட்டாலே மறுபடி செம்மை படரும். துத்தநாகம் பூசிய தகடு, கம்பியை அதில் போடாதீர்கள், பூச்சு கரைந்துவிடும். எங்களைக் கேட்டால் துருவை முழுக்க எடுக்கவே வேண்டாம். உதிர்வதைத் தட்டிவிட்டு மெழுகு தேய்த்தால் அந்தக் காவி நிறமே குதிரைக்கு அழகு. இரும்பு நேரடியாக மரத்தில் படும் இடத்தில் மட்டும் மெழுகைத் தாராளமாகப் பூசுங்கள். ஈரம் சேர்ந்தால் மரத்தின் துவர்ப்புச் சத்தோடு இரும்பு கலந்து கருநீலக் கறை இறங்கும்.

பெயின்ட் உரிந்ததற்குக் காரணமும் தேக்கின் எண்ணெய்தான், அதற்கும் அதே அசிட்டோன் வைத்தியம். ஆனால் நிலைக்காலில் ஏற்கெனவே இருக்கும் பச்சை, நீல ஆயில் பெயின்ட் விஷயத்தில் எச்சரிக்கை. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட்டில் ஈயம் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். உலர்வாக உப்புத்தாள் போடக்கூடாது, நெருப்பு காட்டவும் கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்தபடி சுரண்டுங்கள், என்95 முகமூடி போடுங்கள், சுரண்டியதைக் காகிதத்தில் வாரிக் கட்டுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்தப் பக்கமே வரவேண்டாம். ஆடாமல் ஒட்டியிருக்கும் பழைய வண்ணத்தை அப்படியே விட்டு மேலே வார்னிஷ் பூசலாம். கால்வாசி உரிந்த நீலத்தை எந்தப் புதுப் பெயின்ட்டாலும் கொண்டுவர முடியாது. ஆனால் அப்படிச் செய்த குதிரை குழந்தை விளையாட அல்ல.

வெற்று மரத்துக்கு கடையில் 'பாயில்டு' என்று கேட்டு வாங்கும் ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் சமபங்கு கலந்து பூசலாம். தேங்காயெண்ணெய் என்றைக்கும் காயாது, தூசியைத்தான் சேர்க்கும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் எறியாதீர்கள். அது தானே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி, வெளியில் விரித்துக் காயப்போட்ட பிறகு எறியுங்கள்.

ஒரு வார்த்தை: அறுப்பதற்கு முன் நிலைக்கால் முழுக்கக் காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். உள்ளே முறிந்து கிடக்கும் ஒரு ஆணி போதும், ரம்பத்தின் பல்லைப் பெயர்த்துவிடும். தகடுபோல் அகன்ற, செதுக்கு வேலைப்பாடு உள்ள துண்டு எதுவும் இருந்தால் அதைக் குதிரையாக்க வேண்டாம், அப்படியே சுவரில் மாட்டுங்கள்.